எண்கள் எல்லாம் சரி, தொட்டிதான் சரியில்லை. எங்கே தவறு?

தொட்டிப்பித்தன்:

அனைவருக்கும் வணக்கம். நன்னீர் மீன் ஏழு வருடம் வளர்த்தவன். உப்புநீருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. தொட்டி 200 லிட்டர். பாறை, மணல் போக உள்ளே 160 லிட்டர் தண்ணீர் இருக்கும். கீழே ஒரு சின்ன சம்ப் (தொட்டித் தண்ணீர் வந்து சுற்றிப் போகும் துணைத்தொட்டி), அதில் ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி). இரண்டு கோமாளி மீன், ஒரு பங்காய் கார்டினல், ஒரு கோபி, பதினைந்து நத்தை, ஒரு இறால், இரண்டு காளான் பவளம், ஒரு கொத்து ஸோவாந்தஸ் (பூப்போல விரிந்து மூடும் பவள வகை). பேராசைப்பட்டு எதையும் அடைக்கவில்லை.

முதல் ஏழு மாதம் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் வந்த பழுப்புப் பாசி தானாகப் போனது, ஸோவாந்தஸ் பரவ ஆரம்பித்தது. மூன்று வாரமாகத்தான் எல்லாம் தலைகீழ். ஸோவாந்தஸ் பகல் முழுக்க மூடியே கிடக்கிறது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று மணலில் மல்லாந்து விழுகின்றன. நிமிர்த்தி வைத்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி விழுகின்றன. போன வாரம் இறால் பாதி சட்டை உரித்த நிலையில் செத்துக் கிடந்தது. மீன்கள் மட்டும் நன்றாகவே சாப்பிடுகின்றன, ஆனால் செவுள் கொஞ்சம் வேகமாக அடிப்பது போலத் தெரிகிறது. என் பிரமையாகவும் இருக்கலாம்.

நேற்று எடுத்த அளவுகள்: உப்பு 1.025 (வெறும் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கு). வெப்பம் 26 டிகிரி. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் 40. பாஸ்பேட் 0.2. காரத்தன்மை 13 டிகேஎச் (அதை அளக்கும் அலகு). பிஎச் காலையில் 7.8.

பிஎச் குறைவாக இருக்கிறதே என்று ஒன்றரை மாதமாக அதை ஏற்றும் காரப் பொடி, அதாவது பஃபர் பொடி, போட்டுவருகிறேன். போட்ட அன்று 8.1 வரும், மறுநாள் காலை பார்த்தால் பழைய 7.8. ஹீட்டர் மேல் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

வாரம் தவறாமல் 20 லிட்டர் மாற்றுகிறேன். போன மாதம் பத்து நாள் வெளியூர் போயிருந்தபோது மட்டும் மாற்றவில்லை. அப்போதும் ஆவியாகிற இரண்டு லிட்டரைத் தம்பி தினமும் ஒழுங்காக நிரப்பியிருக்கிறான். நான் போட்ட கோட்டை விட்டுத் தண்ணீர் இறங்கவே இல்லை, அந்த அளவுக்குப் பொறுப்பு.

ஸ்கிம்மரைப் பெரிதாக்கலாமா? இல்லை, வேறு ஏதாவது மருந்து உண்டா?

அலைவாய்:

நைட்ரேட் 40 இருக்கிறதே, அதுதான் காரணம். உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மூன்று நாள் கழித்து இன்னொரு பாதி. தீனியைப் பாதியாகக் குறையுங்கள். நத்தை பிழைத்துவிடும்.

கடல்கிழவன்:

பாதித் தண்ணீரை மாற்றாதீர்கள். எதையும் மாற்றாதீர்கள், எதையும் ஊற்றாதீர்கள். முதலில் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும்.

உப்பை எதால் அளக்கிறீர்கள்? முள் ஆடுமே, அந்த பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரா?

தம்பி ஊற்றினாரே, அது எந்தத் தண்ணீர்?

தொட்டிப்பித்தன்:

ஐயா, முள் ஹைட்ரோமீட்டர்தான். எட்டு மாதமாக அதே ஒன்று.

தம்பியிடம் இப்போதுதான் போன் போட்டுக் கேட்டேன். எங்கள் வீட்டில் இரண்டு டிரம் உண்டு. வெள்ளையில் வெறும் ஆர்ஓ தண்ணீர், நீலத்தில் தண்ணீர் மாற்றுவதற்காக உப்புக் கரைத்து வைத்தது. அவன் பத்து நாளும் நீல டிரம்மிலிருந்து ஊற்றியிருக்கிறான். "கடல் மீனுக்கு உப்புத் தண்ணிதானே ஊத்தணும், இதுகூடவா எனக்குத் தெரியாது" என்கிறான்.

ஆனால் ஹைட்ரோமீட்டர் 1.025 என்றுதானே காட்டுகிறது? அதனால் உப்பை நான் சந்தேகப்படவே இல்லை.

கடல்கிழவன்:

தம்பியைத் திட்ட வேண்டாம். இந்தத் தவற்றைச் செய்யாதவர் குறைவு. கடல்நீர்த் தொட்டிக்கு நல்லதண்ணீர் ஊற்று என்றால் யாருக்குமே முதலில் இடிக்கத்தான் செய்யும்.

கணக்கைப் பாருங்கள். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. உங்கள் நீல டிரம்மில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று வைத்தால், நாளுக்கு இரண்டு லிட்டர் என்றால் 70 கிராம். பத்து நாளில் 700 கிராம். அதை 160 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு நான்கு கிராமுக்கு மேல் கூடும். 35-இல் இருந்த தொட்டி 39-ஐத் தாண்டியிருக்கும். கோடு இறங்கவில்லை என்று சந்தோஷப்பட்டீர்கள். கோடு தண்ணீரின் உயரத்தைத்தான் சொல்லும், அதில் என்ன கரைந்திருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

சாலஞ்சர் என்ற கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றியது. அது கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை டிட்மார் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்து 1884-இல் முடிவை வெளியிட்டார். எந்தக் கடலிலிருந்து எடுத்தாலும் உப்புகள் ஒன்றுக்கொன்று இருக்கும் விகிதம் ஏறக்குறைய ஒன்றேதான். கூடிக் குறைவது தண்ணீர்தான் என்பது அதில் உறுதியானது. நம் தொட்டியிலும் நாள்தோறும் நடப்பது அதுதான். தண்ணீர் மட்டும் போகிறது, அதனால் தண்ணீரை மட்டும்தான் திருப்பித் தர வேண்டும்.

அடுத்து ஹைட்ரோமீட்டர். முள்ளின் மேல் விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருக்கும். எட்டு மாத உப்பும் சுண்ணாம்பும் படிந்து முள் கனத்திருக்கும். கனத்த முள் மேலே எழும்பாது, உப்பைக் குறைத்தே காட்டும். இதற்கு நேர்மாறு, முள்ளில் காற்றுக்குமிழி ஒட்டினால் கூட்டிக் காட்டும். வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் ஓரளவு தேறும், ஆனாலும் அதை இனி நம்பாதீர்கள். இதில் இன்னொரு வினையும் இருக்கிறது: தண்ணீர் மாற்றுவதற்கான உப்பையும் அதே முள்ளைப் பார்த்துத்தானே கரைத்திருப்பீர்கள்? அப்படியானால் தம்பி நிறுத்திய வேலையை நீங்கள் வாரம் 20 லிட்டராகத் தொடர்ந்திருக்கிறீர்கள். மேலே ஒருவர் சொன்னபடி பாதித் தண்ணீரை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். அதை வெறும் தண்ணீரில் பூஜ்யத்துக்குத் திருகிவிட்டு நம்பாதீர்கள். பூஜ்யத்தில் சரியாக இருப்பது 35-இல் பிசகலாம். 35-க்கான சோதனைக் கரைசல் கிடைக்கும். கிடைக்காவிட்டால் 963.5 கிராம் ஆர்ஓ தண்ணீரில் 36.5 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடைக் கரையுங்கள். ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணுக்கு அது 35 அளவுள்ள கடல்நீர் போலவே தெரியும். அதை வைத்துத் திருகுங்கள்.

மீன் சாப்பிடுகிறது, நத்தை விழுகிறது என்றீர்களே, என்னை உப்புப் பக்கம் திருப்பியது அதுதான். கடல் மீனின் இரத்தம் கடலைவிட உப்புக் குறைவானது. உடம்பிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும், அது கடல்நீரைக் குடித்துக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளும். உப்புக் கூடினால் வேலை கூடும், ஆனால் சமாளித்துவிடும். நத்தைக்கும் பவளத்துக்கும் அந்த வசதி இல்லை. வெளியே என்ன உப்போ உள்ளேயும் அதே உப்பு. இறால் சட்டை உரிக்கும்போது தண்ணீரை உள்ளிழுத்து, உடம்பை உப்பவைத்துத்தான் பழைய ஓட்டைப் பிளக்கும். அந்த நேரத்தில் உப்பு இப்படி ஏறி நின்றால் பாதியில் மாட்டிக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

இறக்குவது எப்படி? ரிஃப்ராக்டோமீட்டர் 40 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் தொட்டியிலிருந்து நான்கு லிட்டரை எடுத்துக் கொட்டுங்கள், அதற்குப் பதில் நான்கு லிட்டர் ஆர்ஓ தண்ணீரைச் சம்பில் மெதுவாக விடுங்கள். இது வழக்கமாக ஆவியாகிற இரண்டு லிட்டருக்கு மேல் தனி. நாளுக்கு ஏறக்குறைய ஒரு அலகு இறங்கும், ஐந்தாம் நாள் 35-ஐ ஒட்டி வந்துவிடும். அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்கினால் மீன் தாங்கினாலும் நத்தை தாங்காது.

பிஎச் கதையை நாளைக்கு எழுதுகிறேன். பஃபர் பொடியை மட்டும் இன்றே மூடி வையுங்கள்.

அலைவாய்:

ஒப்புக்கொள்கிறேன், அவசரப்பட்டுவிட்டேன். நைட்ரேட்டைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது.

கடல்கிழவன்:

சரி, பிஎச்.

உங்கள் காரத்தன்மை 13. கடலில் அது ஏழை ஒட்டித்தான் இருக்கும், நாம் தொட்டியில் எட்டிலிருந்து பதினொன்றுக்குள் வைப்போம். காரத்தன்மை 13 இருந்தும் பிஎச் 7.8-இல் நிற்கிறது என்றால் குறைவது காரம் அல்ல. கரியமில வாயு கூடியிருக்கிறது. அது தண்ணீரில் கரைந்து அமிலமாகி பிஎச்சை இழுத்துக்கொண்டே இருக்கும். பொடியைப் போட்டால் சற்று ஏறும், வாயு மறுபடி இழுக்கும், அப்புறம் மறுபடி பொடி. காரம் மட்டும் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் தண்ணீரால் தாங்க முடியாமல் சுண்ணாம்பாகப் பிரியும். அது முதலில் படியும் இடம் சூடான இடம், அதாவது உங்கள் ஹீட்டர். ஹைட்ரோமீட்டர் முள்ளும் பாக்கியில்லை.

நானும் இந்தச் செக்கைச் சுற்றியவன்தான். என் முதல் தொட்டியில் நான்கு மாதம் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் பிஎச் பார்ப்பேன், மாலையில் பொடி போடுவேன். ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன், பெரிய விஞ்ஞானி மாதிரி. பம்ப் ஒருநாள் சுற்றாமல் நின்றது. கழற்றிப் பார்த்தால் உள்ளே வெள்ளைக் கல். அதைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். நாங்கள் குடும்பத்தோடு வெளியே போய், வீடு காலியாக இருந்த நாட்களில் எல்லாம் பிஎச் 8.2. எல்லோரும் வீட்டில் இருந்து ஜன்னலைச் சாத்திய நாட்களில் 7.8. தொட்டியில் நோய் எதுவும் இல்லை, நாங்கள் ஐந்து பேர் மூச்சு விட்டதுதான்.

நீங்களும் சோதிக்கலாம். ஒரு பாத்திரத்தில் தொட்டித் தண்ணீரை எடுத்து பிஎச் பாருங்கள். பிறகு அதை வீட்டுக்கு வெளியே வைத்து, குமிழி விடும் காற்றுக்கல் ஒன்றை ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். 8.1, 8.2 என்று ஏறினால் அறைக் காற்றுதான் காரணம். ஜன்னலைத் திறக்கலாம், அல்லது ஸ்கிம்மர் காற்று உறிஞ்சும் குழாயை நீட்டி வெளிக்காற்றில் விடலாம். அப்படியும் காலையில் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். இரவில் பாசி கரியமில வாயுவை எடுக்காது, எல்லா உயிரும் அதை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

உப்பை 40-இலிருந்து 35-க்கு இறக்கும்போது காரத்தன்மையும் கூடவே 11-ஐ ஒட்டி இறங்கிவிடும். அதற்குத் தனியாக எதுவும் செய்யாதீர்கள்.

ஸ்கிம்மரைப் பெரிதாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் ஸ்கிம்மர் இல்லாமலே கடல் பாறையையும் காற்றுக்குமிழியையும் வைத்துப் பவளத்தை வளர்த்துக் காட்டினார், 1961-இல் அதைப் பற்றி எழுதினார். கருவியே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. உங்கள் பாறையில் எட்டு மாதமாகக் குடியிருக்கும் பாக்டீரியா தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்பதே அதற்குச் சாட்சி.

பாசிராணி:

கிழவர் உப்பையும் பிஎச்சையும் பார்த்துக்கொண்டார், நைட்ரேட் பக்கம் நான் வருகிறேன். இதில் கை சுட்டுக்கொண்டவள் என்ற தகுதி எனக்கு இருக்கிறது.

நைட்ரேட் 40, பாஸ்பேட் 0.2 என்பது அதிகம்தான், ஆனால் மீனைக் கொல்லும் அளவு இல்லை. நல்லவேளை, நீங்கள் பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள் எதையும் வாங்கிப் போடவில்லை. நான் போட்டேன். கண்ணாடியில் பச்சைப் பாசி வருகிறதே என்று கோபத்தில் அட்டையில் சொன்னதைவிட இரண்டு மடங்கு போட்டேன். பத்து நாளில் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம். வீட்டில் எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன். அடுத்த வாரம் மணல் மேல் பழுப்பாக, சளி மாதிரி ஒன்று படர்ந்தது, நூல் நூலாக, நூலின் நுனியில் குமிழி. விளக்கு அணைந்தால் குறையும், எரிந்தால் மதியத்துக்குள் திரும்ப வரும். டைனோஃப்ளாஜலேட் என்ற நுண்ணுயிர். அதைத் தின்ற நத்தைகள் வரிசையாகச் செத்தன. பாசிக்கும் பாக்டீரியாவுக்கும் சாப்பாடு இல்லாமல் ஆக்கி இடத்தைக் காலி செய்தேன், காலி இடத்தில் அது குடியேறிவிட்டது. கடைசியில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் நானே காசு கொடுத்து வாங்கி ஊற்ற வேண்டிவந்தது. மூன்று மாதம் போயிற்று.

ஆகவே பூஜ்யம் வேண்டாம். நைட்ரேட் ஐந்திலிருந்து பத்து, பாஸ்பேட் 0.05 பக்கம் இருந்தால் போதும், அதையும் இரண்டு மூன்று மாதத்தில் அடையுங்கள். (ரெட்ஃபீல்டு விகிதம் 16:1 என்று யாராவது சொல்லி, டெஸ்ட் கிட் எண்களை வகுத்துப் பார்க்கச் சொன்னால் கேட்காதீர்கள். அது கடல் மிதவை உயிர்களில் இருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்களின் கணக்கு, உங்கள் கிட் காட்டும் எண்ணின் கணக்கு அல்ல.)

குறைக்கும் வழி அலமாரியில் இல்லை, தீனி டப்பாவில் இருக்கிறது. நாளுக்கு எத்தனை முறை போடுகிறீர்கள்? உறைந்த தீனி என்றால் அதை உருக்கிய தண்ணீரையும் சேர்த்து ஊற்றுகிறீர்களா? வடிகட்டிப் போடுங்கள். ஸ்கிம்மருக்கு முன்னால் பஞ்சு வடிகட்டி இருந்தால் மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அழுக்கு அதில் தங்கினாலும் அது தண்ணீருக்குள்ளேதான் அழுகிக்கொண்டிருக்கிறது. சம்பில் இடமிருந்தால் ஒரு கைப்பிடி கீட்டோமார்ஃபா பாசியைப் போட்டு, தொட்டி விளக்கு அணைந்திருக்கும் இரவில் அதற்கு விளக்குப் போடுங்கள். நைட்ரேட்டைத் தின்று வளரும், வளர்ந்ததைப் பிய்த்து எறியலாம். இரவில் கரியமில வாயுவையும் எடுத்துக்கொள்ளும், உங்கள் காலை பிஎச்சுக்கும் நல்லது.

ஆனால் உப்பை இறக்கும் ஐந்து நாளில் இவை எதையும் தொடாதீர்கள். நான்கைந்து மாற்றத்தை ஒன்றாகச் செய்தால், எதனால் தேறியது என்றும் தெரியாது, எதனால் கெட்டது என்றும் தெரியாது.

தொட்டிப்பித்தன்:

பதினான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ரிஃப்ராக்டோமீட்டர் வந்த அன்று அளந்தேன்: 40. நீல டிரம்: 39. ஐயா சொன்னது அப்படியே. ஹைட்ரோமீட்டர் முள்ளில் அரிசி ஒட்டினாற்போல வெள்ளைப் பொருக்கு. வினிகரில் இரவு முழுக்கப் போட்டுவிட்டு அதே தண்ணீரை அளந்தேன், 1.029 காட்டியது. எட்டு மாதமாக நான் இதைத்தான் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தேன்.

தினமும் நான்கு லிட்டர் வீதம் இறக்கினேன். மூன்றாம் நாள் ஸோவாந்தஸ் பாதி திறந்தது. ஐந்தாம் நாள் 35.5. நத்தையில் ஐந்து போய்விட்டது, மீதிப் பத்தும் கண்ணாடியில் ஏறிவிட்டன. செவுள் வேகம் குறைந்ததா என்று கேட்டால், பிரமை இல்லை, குறைந்திருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன்.

பாத்திரத்தை வெளியே வைத்த சோதனையில் 7.8 போய் 8.2 வந்தது. ஸ்கிம்மர் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டேன். இப்போது காலை பிஎச் 8.0. காரத்தன்மை 11.

பாசிராணி அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாளுக்கு மூன்று முறை, உருகிய தண்ணீரோடு. நன்னீர்ப் பழக்கம். இப்போது ஒரு முறைதான், வடிகட்டிப் போடுகிறேன். கோமாளி மீன் இரண்டும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து என்னையே முறைத்துக்கொண்டு நிற்கின்றன.

தம்பி வந்து இரண்டு டிரம்மிலும் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுப் போனான். வெள்ளையில் "தினமும்". நீலத்தில் "அண்ணன் மட்டும்".

ஒரே ஒரு சந்தேகம். தண்ணீர் குறைந்தால் தானாக நிரப்பும் மிதவைக் கருவி வாங்கலாமா? அடுத்த மாதம் மறுபடி வெளியூர் போக வேண்டும்.

கடல்கிழவன்:

வாங்குங்கள். ஆனால் மிதவை மாட்டிக்கொண்டு நிற்காமல் ஓடினால் முழு டிரம்மும் தொட்டிக்குள் போய்விடும். அதனால் அதற்குப் பெரிய டிரம் வைக்காதீர்கள், பத்து லிட்டர் வாளி போதும். ஐந்து நாளுக்கு ஒருமுறை தம்பி வந்து நிரப்பட்டும். வெள்ளை டிரம்மிலிருந்து.